தங்கைக்கு ஒரு பழைய கார்

என் தங்கை சுகந்தியின் இடது மணிக்கட்டு உடைந்துவிட்டது என்று ஈப்போவுக்குத் தொலைபேசி வந்தபோது நான் முதலில் கேட்ட கேள்வி, "ஸ்கூட்டரில் எத்தனை பேர் போனீர்கள்?" என்பதுதான்.

"மூணு பேருதான்க்கா," என்றாள், ஏதோ குறைத்துச் சொல்கிறவள் மாதிரி.

முன்னால் அவள் கணவர் சங்கரன். நடுவில் ஆறு வயது மகள் வள்ளி. பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்த சுகந்தி, அவள் மடியில் ஒரு தேங்காய்ப் பை. சாலையில் கிடந்த மணலில் சக்கரம் வழுக்கிச் சாய்ந்திருக்கிறது. குழந்தைக்குக் கீறல்கூட இல்லை. தேங்காய்க்கும் ஒன்றும் ஆகவில்லை.

நான் மலேசியாவில், ஈப்போவில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயந்தவர்களை ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்து, பயத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர்களை மட்டும் ஓட்டவைப்பது என் பிழைப்பு. சுகந்தியும் கல்யாணத்துக்கு முன்பு என்னிடம்தான் கற்றாள். திருநெல்வேலிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இங்கேயும் ஒரு உரிமம் எடுத்து வைத்திருந்தாள். இரண்டு நாட்டு உரிமம் கையில் இருந்தது. ஓட்டுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. ஒரு காரை வாங்கிக் கொடுத்துவிட்டு வருவது என்று முடிவு செய்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம். வந்து சேர்ந்த கதையை விட்டுவிடுகிறேன். எல்லோரும் வருகிற வழியில்தான் வந்தேன்.

முதல் நாள் மத்தியானம் சுகந்தி வீட்டில் சொதி. தேங்காய்ப்பாலில் காய்கள் மிதக்க, பக்கத்தில் இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்குப் பொரியலும். எங்கள் ஊரிலும் தேங்காய்ப்பால் ஊற்றித்தான் எல்லாம் சமைக்கிறோம். ஆனால் இப்படி உறைப்பே இல்லாமல், முருங்கைக்காய் வாசனை மட்டும் தலைதூக்குகிற குழம்பு அங்கே கிடையாது. மூன்றாம் முறை சோறு போட்டுக்கொண்டேன். எனக்கு எதிரே சங்கரனின் அண்ணன், டவுனில் அரிசி வியாபாரம் செய்யும் சுப்பையா அண்ணாச்சி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பத்தில் எந்த முடிவும் அவர் காதைத் தாண்டித்தான் போகும்.

"என்ன விசயமா வந்திருக்கீய?" என்று கேட்டார்.

"சுகந்திக்கு ஒரு சின்னக் காடி வாங்கிக் குடுக்கலாம்னு வந்தேன் அண்ணாச்சி."

அவர் கை இலையிலேயே நின்றது. "காடியா? எதுக்கு, ஊறுகாய் போடவா?"

மலேசியாவில் நாங்கள் காரைக் காடி என்போம். இங்கே அது புளித்த தண்ணீர். சுகந்தி சிரித்துக்கொண்டே விளக்கினாள். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். சுகந்தி படித்த நர்ஸ். பிரசவம் பார்த்துப் பழகியவள். ஸ்ரீவைகுண்டத்தில் புதிதாக ஒரு ஆஸ்பத்திரி தொடங்கிய டாக்டரம்மா அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார். ஆனால் பிரசவ வலி பஸ் நேரம் பார்த்து வருவதில்லை. வேலை முடிகிற நேரத்தில் கடைசி பஸ் போயிருக்கும். ஸ்கூட்டரில் கூட்டிவருகிறேன் என்று சங்கரன் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சு மணிக்கட்டோடு முறிந்துபோனது. இப்போது கட்டுப் பிரித்தாகிவிட்டது. டாக்டரம்மா இன்னும் காத்திருந்தார். எத்தனை நாள் காத்திருப்பார் என்று தெரியாது.

"அந்தச் சின்ன வண்டி வேண்டாம்," என்றார் அண்ணாச்சி. "தகர டப்பா. ஒரு எருமை முட்டுனா அப்பளமா நொறுங்கிரும். வாங்குதுன்னா என்னய மாதிரி அம்பாசடரா வாங்குங்க. இல்லன்னா வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வீட்டுல இருக்கட்டும்."

"அம்பாசடரை இந்தக் கையை வச்சுக்கிட்டு இவளால திருப்ப முடியாது அண்ணாச்சி. அந்தக் கனத்த கியரைப் போடுறதும் இடது கைதான்."

"டிரைவர் வச்சுக்கிடலாம்லா."

"ஓட்டத் தெரிஞ்சவளுக்கு எதுக்கு டிரைவர்?"

அவர் மோர் ஊற்றிக்கொண்டார்.

மறுநாள் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு தரகர் ஒரு காரைக் காட்டினார். சிவப்பு நிறம். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு மினுமினுப்பு. "டாக்டர் ஓட்டுன வண்டிக்கா. கண்ணாடி மாதிரி வச்சிருந்தாரு," என்றார். நான் என்ஜினைப் பார்க்கவில்லை. என்ஜினை எவரும் துடைத்துவிடலாம். முன்சீட்டு பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். உள்ளே சுருண்டிருந்த பாகத்தில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு. காலடி விரிப்பைத் தூக்கினேன். மூலையில் காய்ந்த வண்டல் பொருக்குத் தட்டிக் கிடந்தது. கார் ஏதோ ஒரு மழையில் கழுத்தளவு தண்ணீரில் நின்றிருக்கிறது.

"அது... ஆத்துல வச்சுக் கழுவுனதுக்கா," என்றார் தரகர்.

"நீங்க ஆத்துல கழுவுனீயளா, ஆறே வந்து கழுவிட்டுப் போச்சா?" என்று கேட்டாள் சுகந்தி. பக்கத்து டீக்கடையில் நின்றவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். தரகரும் சிரித்தார். கோபப்படாமல் எங்களுக்கு டீ சொன்னது அவர்தான்.

அடுத்து கல்லிடைக்குறிச்சி. அக்கிரகாரத் தெரு ஒன்றில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் பம்பாயில் இருக்கும் மகளோடு போய் இருக்கப்போவதால் காரை விற்கிறார் என்று சங்கரன் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். தெரு முழுக்கப் பாய்களில் அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. உளுந்து வாசனை. நானும் சுகந்தியும் சங்கரனும் அப்பளத்தை மிதிக்காமல் வளைந்து வளைந்து நடந்து போனோம். கார் பழைய வேட்டி ஒன்றைப் போர்த்திக்கொண்டு நின்றது. வெள்ளை நிறம். ஒரு பக்கக் கதவில் சிறு நெளிவு. அதை மறைக்கப் பேராசிரியர் முயலவில்லை.

காரை நான் சோதிக்கும் முன்பு அவர் எங்களைச் சோதித்தார். "யார் ஓட்டப்போறா?"

"இவள்தான்."

"பேஷ். நாற்பதுக்கு மேல போவாளோ?"

"தேவைப்பட்டா போவா," என்றேன்.

"நான் போனதில்லை. கோவிலுக்கும் ஸ்டேஷனுக்கும்தான் போயிருக்கேன். ஒரு தடவை பாபநாசம். அன்னிக்கு ராத்திரி எனக்கு ஜுரம் வந்துடுத்து."

இது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கவலையாகவும் இருந்தது. அதிகம் ஓடின கார் தேயும். ஓடாத கார் உறைந்துபோகும். டயரின் பூவெட்டு தேயாமல் அப்படியே இருந்தது. ஆனால் நகத்தால் அழுத்தினால் ரப்பர் கல்லாக இருந்தது, ஓரமெல்லாம் மயிரிழை வெடிப்பு. நான்கையும் மாற்ற வேண்டும், பிரேக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றேன். அம்பாசமுத்திரத்தில் ஒரு பட்டறையில் விட்டு எல்லாவற்றையும் செய்துமுடித்தோம். விலை பேசுவதைவிட, வேட்டியை எப்படி நான்காக மடித்துப் போர்த்துவது என்று சுகந்திக்குக் கற்றுத்தருவதில்தான் அவருக்கு அக்கறை இருந்தது.

காரை எடுத்துவர நாள் பார்த்துக் கொடுத்தது அண்ணாச்சி. "நானும் வாரேன்," என்றார். காரைத் தடுக்க முடியாவிட்டாலும் அதில் ஏறிக் குற்றம் கண்டுபிடிக்கலாம் என்பது அவர் எண்ணமாக இருந்திருக்கலாம். அவருடைய அம்பாசடர் அன்று ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தது. வள்ளியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நால்வரும் பஸ்ஸில் போனோம்.

திரும்பும்போது நான் ஓட்டினேன். அண்ணாச்சி எனக்குப் பக்கத்தில். சங்கரனும் சுகந்தியும் பின்னால். நான் பெல்ட்டை நீட்டியதும் அண்ணாச்சி அதைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நான் என்ன திருடனா, கட்டிப் போடுதீய?"

"எங்க ஊர்ல இதைப் போடாம வண்டியை எடுக்க மாட்டோம். இங்கயும் எடுக்க மாட்டேன்."

நல்ல நேரம் தப்பிப் போகிறது என்று சங்கரன் பின்னாலிருந்து முனகினார். நேரத்துக்காக அண்ணாச்சி கட்டுப்பட்டார்.

மலைப்பக்கமிருந்து சாரல் அடித்துக்கொண்டிருந்தது. வீரவநல்லூர் தாண்டியதும் இருபுறமும் வயல். தண்ணீர் நிறைந்த சேற்றில் பெண்கள் வரிசையாகக் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். "ஓட்டம் நல்லாத்தான் இருக்கு," என்று அண்ணாச்சி அரைமனதோடு சொன்ன அந்த நிமிஷம், எதிரே வந்த பஸ் ஒன்று வாழைக்குலை ஏற்றிய ஒரு மாட்டுவண்டியை முந்திக்கொண்டு முழுதாக எங்கள் பக்கத்துக்கு வந்துவிட்டது.

ஹாரன் அடிக்க நேரமில்லை. பிரேக்கை மிதித்து, விட்டு, மறுபடி மிதித்து, இடப்பக்கம் மண்ணில் இறக்கினேன். பஸ் எங்களைத் தொடாமல் போய்விட்டது. ஆனால் நனைந்த மண் எங்களைப் பிடித்து நிறுத்தவில்லை. கார் மெதுவாக, யாரோ கையால் தள்ளுவதுபோல வழுக்கி, இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் சிறு வாய்க்காலுக்குள் இறங்க, மூக்கு சேற்றில் குத்தி நின்றது.

மழை கூரையில் தட்டிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சியின் நெற்றிக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. பெல்ட் அவர் நெஞ்சை அழுத்திப் பிடித்திருந்தது. நான் பின்னால் திரும்பினேன். சங்கரன் தன் இரண்டு கைகளாலும் சுகந்தியைச் சுற்றிப் பிடித்திருந்தார். அவள் உடைந்து கூடிய கையை மார்போடு அணைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்ல," என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் என்ஜினை அணைத்தேன்.

நடவுப் பெண்கள் ஓடிவந்தார்கள். முன்னால் வந்தவர் சேலையைத் தார்பாய்ச்சியிருந்த, குரல் கனத்த ஒரு அம்மாள்.

"யாருக்காவது அடி உண்டா? ரத்தம் கித்தம் உண்டா?"

இல்லை என்றோம். மேட்டுப் பக்கக் கதவு வழியாக ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள். அண்ணாச்சிக்குப் பெல்ட்டைக் கழற்றத் தெரியவில்லை. நான் கழற்றிவிட்டேன். எல்லோரும் முழுசாக நிற்பதைப் பார்த்த பிறகு அந்த அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு காரைப் பார்த்தார்.

"கார் நடவு நடப்போறோம்னு சொல்லிட்டுத்தான் வீட்டுல இருந்து வந்தோம். அதுக்காவ காரையே கொண்டாந்து நட்டுட்டீயளே, யம்மா!"

அந்தப் பருவத்து நெல்லுக்கு இங்கே கார் என்று பெயர். பெண்கள் எல்லோரும் சிரிக்க, சுகந்தி சிரிக்க, கடைசியில் நானும் சாரலில் நின்றபடி சிரித்தேன்.

சங்கரன் கயிறுக்கும் டிராக்டருக்கும் ஆள் தேடினார். அந்த அம்மாள் கையை அசைத்துத் தடுத்தார். "இதுக்கு எதுக்கு டிராக்டரு? ஏட்டி, எல்லாரும் இங்கன வாங்க. நீங்க மூக்குல பிடிங்க. ஏலே, வாழக்குல வண்டிக்காரா, சும்மா நிக்கியே, நீ பின்னால போ. பைய. பைய. நான் சொன்னதும் தூக்கணும்."

ஒரே மூச்சில் தூக்கினார்கள். மூக்கு மேலே வந்தது. இன்னொரு மூச்சில் பின்பக்கமும் நகர்ந்து கார் சாலையில் உட்கார்ந்தது. நாற்றங்காலிலிருந்து ஒரு கட்டு நாற்றை எடுத்து வைப்பதுபோல வைத்துவிட்டார்கள். "எங்க வீட்டு ஆட்டுக்கல்லு இதவிடக் கனம்," என்றாள் அவர்களில் ஒருத்தி, கையைத் துடைத்துக்கொண்டு.

அண்ணாச்சிக்குப் பேச வழி கிடைத்துவிட்டது. "பாத்தீயளா? பொம்பளயாளுவ தூக்கி வைக்குது. இது காரா, தொட்டிலா?"

"உங்க அம்பாசடரா இருந்தா இந்நேரம் கிரேன் தேடிக்கிட்டிருப்போம் அண்ணாச்சி. ராத்திரி ஒரு பொம்பள தனியா வரும்போது வண்டி இப்படி இறங்கிட்டா, எது நல்லது? கிரேன் தேடுறதா, நாலு பேர் கை வைக்கிறதா?"

அவர் குனிந்து காரின் மூக்கைப் பார்த்தார். முன்விளக்கு ஒன்று உடைந்திருந்தது. பம்பரில் சேறு. மற்றபடி கார் ஒரே திருப்பில் கிளம்பியது. இந்த முறை அண்ணாச்சி தானே பெல்ட்டை இழுத்தார். எங்கே மாட்டுவது என்று தெரியாமல் சற்று நேரம் தேடினார்.

பத்தமடை வந்ததும், "கொஞ்சம் நிப்பாட்டுங்க, டீ குடிப்போம்," என்றார். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். சுகந்தியும் சங்கரனும் விளக்கைப் பார்க்கப் போயிருந்தார்கள்.

"என்கூடக் கடை வச்சிருந்தவரு மகன்," என்று தொடங்கினார். "எம் மடியில வளந்த பய. கோவில்பட்டி ரோட்டுல, இதே மாதிரி சின்ன வண்டி. லாரிக்காரன் அடிச்சிட்டான். ஆஸ்பத்திரியில நான்தான் அவன் பக்கத்துல நின்னேன். அவங்க அப்பாவால உள்ள வர முடியல." டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "இந்த வண்டியைப் பாக்கும்போதெல்லாம் அந்த மொகந்தான் வருது."

 அவர் சொன்னது பொய்யில்லை. அந்தத் தகடு மெல்லிசுதான். அதைத் தட்டினால் வரும் சத்தம் எனக்கும் தெரியும்.

"அவர் பெல்ட் போட்டிருந்தாரா?" என்று மட்டும் கேட்டேன்.

டீயைக் கீழே வைத்தார். "வண்டியில அது இருந்துச்சா இல்லையான்னே தெரியாது. யாரு பாத்தா?" என்றார். பிறகு நெஞ்சில் பெல்ட் அழுத்தின இடத்தைத் தடவிக்கொண்டார்.

"லாரி நேரா வந்து மோதினா எந்த வண்டியும் தாங்காது அண்ணாச்சி, உங்க வண்டியும்தான். மோதாத மாதிரி ஓட்டணும். அதைத்தான் நான் சொல்லிக்கொடுக்கிறேன்."

"அப்ப மழையில ஓட்டவும் சொல்லிக் குடுங்க," என்றார். "வெயில்ல எல்லாவனும் ஓட்டிருவான்."

அனுமதி என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை அவர் கடையிலிருந்து ஒரு மூட்டை அரிசி வந்து இறங்கியது. "பின்னால போட்டு ஓட்டச் சொன்னாவ. வண்டிக்கு வெயிட்டு வேணுமாம்," என்றார் கொண்டுவந்தவர். முன்சக்கரம் இழுக்கிற காருக்குப் பின்னால் மூட்டை வைத்துப் பயனில்லை என்று அண்ணாச்சிக்கு விளக்க எனக்கு மனம் வரவில்லை. நல்ல அரிசி. பொங்கினோம்.

அதன்பின் வந்த நாட்களில் சுகந்தி ஓட்டினாள். ஈப்போவில் கற்றவர்களுக்குக் கோடும் விளக்கும் தெரியும். இங்கே கோடு இல்லை. ஆனால் வேறு ஒரு ஒழுங்கு இருந்தது. மாட்டுக்கு எல்லோரும் நிற்கிறார்கள். ஆட்டுக்கு ஹாரன் அடிக்கிறார்கள். பஸ்ஸுக்கு ஒதுங்குகிறார்கள். சைக்கிள்காரர் கையை நீட்டினால் அவர் திரும்பப்போகிறார் என்றும் இருக்கலாம், பக்கத்தில் வருகிறவரிடம் வழி காட்டுகிறார் என்றும் இருக்கலாம். டவுன் ரத வீதியில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தவள் உலகத்தில் எங்கேயும் ஓட்டலாம் என்பது என் கட்சி. பஸ்ஸைத் துரத்தாதே. முன்வண்டிக்கும் உனக்கும் நடுவே ஒரு வீட்டு முற்றம் அளவு இடம் விடு. சாலையை விட்டு இறங்க வேண்டியிருந்தால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு இறங்கு. இதைத்தான் தினமும் சொன்னேன். பின்சீட்டுக்கும் பெல்ட் வைத்துத் தைத்துக் கொடுக்க முடியுமா என்று சீட் தைப்பவரிடம் கேட்டோம். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சாயங்காலமே செய்துகொடுத்தார்.

அந்தச் சின்னக் காரில் என்னென்ன ஏறின என்று சொன்னால் ஈப்போவில் நம்பமாட்டார்கள். கேஸ் சிலிண்டர் ஏறியது. முழு வாழைத்தார் ஏறியது. பாளையங்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது உறவுக்காரர்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். கடைசியாக ஏறவந்த சித்தப்பாவைச் சுகந்தி இறக்கிவிட்டாள். "பெல்ட்டு இல்லாத ஆளுக்கு எடமில்ல சித்தப்பா. ரெண்டாவது நடை வாரேன்." அவர் கோபித்துக்கொண்டு ஆட்டோவில் போனார்.

ஸ்ரீவைகுண்டத்துக்கு டாக்டரம்மாவைப் பார்க்கப் போன நாளில் நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். முன்னால் பயிற்சியாளர் இருந்தால் ஓட்டுகிறவருக்கு மூளை பாதிதான் வேலை செய்யும். முன்னால் சங்கரன் இருந்தார். செய்துங்கநல்லூர், கருங்குளம் வழியாகத் தாமிரபரணிக் கரையோரம் போய், அணைக்கட்டுப் பாலத்தில் ஏறினோம். பாதிப் பாலத்தில் எதிரே வாழைக்குலை ஏற்றிய லாரி. எங்களுக்குப் பின்னால் ஒரு டிராக்டர்.

"பின்னால எடும்மா!" என்று லாரிக்காரர் கத்தினார்.

சங்கரன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஆற்றைப் பார்த்தேன்.

சுகந்தி இறங்கி நடந்து போய் இரண்டு பக்கத்தையும் அளவு பார்த்தாள். "அண்ணாச்சி, நீங்க கைப்பிடி ஓரமா ஒரு முழம் ஒதுங்குனா போதும். நான் போயிருவேன்," என்றாள் லாரிக்காரரிடம். திரும்பி வந்து, வலப்பக்கக் கண்ணாடியை உள்ளே மடக்கினாள். முதல் கியரில், லாரியிலிருந்து தொங்கிய வாழையிலைகள் கூரையில் உரச, அங்குலம் அங்குலமாகக் கடந்தாள். தாண்டியதும் லாரிக்காரர் எட்டிப் பார்த்து, "நீ காரியக்காரிதாம்மா," என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் மணிக்கட்டை வாங்கி அழுத்திப் பார்த்தார், விரல்களை மடக்கச் சொன்னார். "எப்ப சேருறீங்க?" என்று கேட்டார்.

"வர்ற திங்கக்கெழம," என்றாள் சுகந்தி. சங்கரனையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சங்கரன் மட்டும் பெருமூச்சு விட்டுப் புன்னகைத்தார்.

திரும்பும்போது மாலையாகிவிட்டது. தூறலும் தொடங்கியிருந்தது. மழையில் அவள் முழுத் தூரமும் ஓட்டுவது அதுதான் முதல் முறை. நான் பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பிறர் ஓட்டும் காரில் உட்கார்ந்தால் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும். பஸ்ஸில்கூட எனக்குத் தூக்கம் வராது. என் கணவர் ஓட்டினால் கேட்கவே வேண்டாம். அன்றும் கருங்குளம்வரை கால் மிதித்துக்கொண்டுதான் இருந்தது. எதிரே விளக்குகள் வந்தன, போயின. சுகந்தி முன்னால் போன பஸ்ஸை விட்டுக்கொடுத்து, வேகம் குறைத்து, அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். சங்கரன் வள்ளியின் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

யாரோ தோளைத் தொட்டார்கள். கண்ணைத் திறந்தேன். என்ஜின் அணைந்திருந்தது.

"இறங்குக்கா, வீடு வந்துட்டு," என்றாள் சுகந்தி.

"செய்துங்கநல்லூர் போயிருச்சா?" என்று கேட்டேன்.

"அது எப்பவோ போயிட்டு," என்றாள்.